நகம் கடிக்கிற பிள்ளைகள் எத்தனை பேர்? பல்லுக்குக் கம்பி போடும் வீட்டுக்கு ஒரு கணக்கு

தம்பி மகளுக்குத் தெத்துப்பல். மேல் வரிசையில் கோரைப்பல் ஒன்று இடம் கிடைக்காமல் உதட்டை முட்டிக்கொண்டு நிற்கிறது. வயது 13 ஆகிவிட்டது, இனிமேலும் தள்ளிப்போட வேண்டாம் என்று மும்பை செம்பூரில் ஒரு பல்சீரமைப்பு டாக்டரிடம் கூட்டிப் போனேன். தம்பிக்கும் அவன் மனைவிக்கும் ஆபீஸ். எனக்கு அன்று மதியத்தோடு வகுப்பு முடிந்துவிட்டது.

டாக்டர் வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்பே ஒரு படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டார். சின்ன வயதில் விரல் சூப்பினாளா? வாயால் மூச்சு விடுவாளா? ராத்திரி தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பாளா? எல்லாவற்றுக்கும் தலையாட்டியே பதில் சொன்னாள். கடைசியாக, "நகம் கடிப்பியா?" என்றார். "இல்லை" என்றாள். சொல்லும்போதே இரண்டு கைகளும் தொடைக்கு அடியில் போய்விட்டன. டாக்டர் சிரித்துவிட்டு அந்தக் கட்டத்தை மட்டும் நிரப்பாமல் விட்டார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் மெதுவாகக் கேட்டேன். "அத்தை, என் கிளாஸ்ல எல்லாருமேதான் கடிக்கிறாங்க. அம்மாகிட்ட சொல்லிடாதீங்க" என்றாள்.

எல்லாருமே என்றால் எத்தனை பேர்? நான் மாட்டுங்காவில் ஒரு ஜூனியர் காலேஜில் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிறவள். 'எல்லாரும்' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கை பரபரக்கும். அன்று ராத்திரி தேடிப் படிக்க ஆரம்பித்தேன். டாக்டருடைய வேலையை நான் செய்ய முடியாது. ஆனால் அந்தக் கேள்வி படிவத்தில் ஏன் இருக்கிறது, எத்தனை பிள்ளைகள் அதற்கு 'ஆமாம்' என்று சொல்லவேண்டியவர்கள் என்பதைக் கணக்கு டீச்சர் பாஷையில் சொல்லிப் பார்க்கலாம்.

பரவல் என்றால் என்ன

ஒரு கூட்டத்தில் எத்தனை பேரிடம் ஒரு பழக்கமோ நோயோ இருக்கிறது என்ற விகிதத்தைப் பரவல் விகிதம் என்கிறோம். நூற்றுக்கு இத்தனை பேர், அவ்வளவுதான். கேட்க எளிது. எண்ணப் போனால்தான் சிக்கல்.

மங்களூரில் 4,590 பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதித்து 1998-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று நம் நாட்டில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது. வாய் சம்பந்தப்பட்ட ஏதோ ஒரு பழக்கம் இருந்தவர்கள் 29.7 சதவீதம். விரல் சூப்புவது, நாக்கைத் தள்ளுவது, பல்லை அரைப்பது, பென்சில் கடிப்பது என்று எல்லாம் இதில் அடக்கம். அவற்றில் முதலிடம் நகம் கடிப்பதற்குத்தான்: 12.7 சதவீதம். பென்சில் கடிப்பது அதற்குக் கீழே, 9.8.

சரி, வெளிநாட்டு மருத்துவக் கட்டுரைகளைப் பிரித்தால் வேறு எண்கள் வருகின்றன. 7 முதல் 10 வயதுக்குள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, பதின்ம வயதில் நூற்றுக்கு 40-க்கும் மேல், அதற்கப்புறம் வயது ஏற ஏறக் குறைந்துவிடும் என்பது பல காலமாகச் சொல்லப்பட்டு வரும் கணக்கு. 3 வயதுக்கு முன்னால் நகம் கடிக்கும் குழந்தையைப் பார்ப்பது அபூர்வம்.

40 பேர் இருக்கும் வகுப்பில் இதைப் போட்டுப் பாருங்கள். மங்களூர்க் கணக்குப்படி 5 பேர். மற்ற கணக்குப்படி 16, 18 பேர். ஐந்து எங்கே, பதினெட்டு எங்கே! யாரோ பொய் சொல்கிறார்கள் என்று தோன்றும். அப்படி இல்லை. இரண்டு பேரும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள்.

மாட்டுங்காவில் எங்கள் கட்டடத்து மாமிகளிடம் "காபி குடிப்பீர்களா" என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்பார்கள். "தினமும் மூன்று டம்ளர் குடிப்பீர்களா" என்றால் பாதிப் பேர். "டாக்டர் வேண்டாம் என்று சொன்னதற்கப்புறமும் குடிக்கிறீர்களா" என்றால் யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள், ஆனால் டிகாக்‌ஷன் வாசம் மாடிப்படி வரைக்கும் வரும். நகத்துக்கும் இதேதான். பரீட்சைக்கு முதல் நாள் ஒரு நகத்தின் ஓரத்தைப் பிய்த்தவளும் கடிப்பவள்தானா? நகத்தின் வெள்ளை நுனியே இல்லாமல் பத்து விரலிலும் சதை தெரிகிற அளவுக்குக் கடிப்பவளை மட்டும் எண்ணுவதா? கோட்டை எங்கே போடுகிறோமோ, எண் அங்கே போய் நிற்கும்.

இன்னொன்று, யாரைக் கேட்கிறோம் என்பது. அம்மாவைக் கேட்டால் அம்மா பார்க்கும்போது கடிப்பது மட்டும்தான் தெரியும். பிள்ளையைக் கேட்டால், அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாளா இல்லையா என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். பேர் எழுதாத தாளில் கேட்டால் எண் ஏறும். கையை நீட்டச் சொல்லி நகத்தைப் பார்த்தால் இன்னொரு எண் வரும், அதிலும் நகவெட்டியால் ஒட்ட வெட்டியவரையும் கடித்தவரையும் பிரித்தறிய வேண்டும். வெட்டிய நகத்தின் விளிம்பு சீராக இருக்கும். கடித்த நகம் ரம்பம் மாதிரி, நகக்கண் சிவந்து, ஓரத்தில் தோல் உரிந்து கிடக்கும்.

மூன்றாவது விஷயத்தை என் மாணவர்கள் எப்போதும் கோட்டை விடுவார்கள்: சராசரிக்குள் யார் யார் இருக்கிறார்கள்? மங்களூர் ஆய்வில் 3 வயதுக் குழந்தையும் உண்டு, 16 வயதுப் பையனும் உண்டு. நகம் கடிப்பது அதில் 13 முதல் 16 வயதுப் பிரிவில்தான் கூடுதலாக இருந்தது. கடிக்கவே ஆரம்பிக்காத குட்டிகளையும் கூட்டி வகுத்தால் எண் கீழே இறங்கத்தானே செய்யும்.

கம்பி போட வருகிறவர்களில் ஏன் கூடுதல்

இப்போது பல்சீரமைப்பு டாக்டரின் காத்திருக்கும் அறைக்கு வருவோம். அங்கே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு என்ன வயது? பெரும்பாலும் 10-லிருந்து 16 வரை. பால்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைத்து முடிகிற காலம். நகம் கடிக்கும் பழக்கம் உச்சத்தில் இருக்கிற வயதும் இதேதான். அதனால் அந்த அறையில் எண்ணினால் கடிப்பவர்கள் அதிகமாகத்தான் இருப்பார்கள். மூன்று பேருக்கு ஒருவர் என்று வந்தால்கூட ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

இங்கேதான் பெற்றோர்கள் தடுமாறுகிறார்கள். "பார்த்தியா, நகம் கடிச்சதாலதான் பல்லு கோணிப் போச்சு" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். கிங்ஸ் சர்க்கிளில் ஓர் உடுப்பி ஓட்டல் வாசலில் நின்றுகொண்டு, வெளியே வருபவர்களிடம் "இட்லி பிடிக்குமா" என்று கேட்டுவிட்டு, மும்பைக்காரர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு இட்லி பிடிக்கும் என்று எழுதுவதற்குச் சமம் அது. இரண்டு விஷயங்கள் ஒரே இடத்தில் கூடியிருப்பதால் ஒன்றுதான் இன்னொன்றைக் கூட்டி வந்தது என்று ஆகாது. ஒரே வயது இரண்டையும் ஒரே அறையில் உட்காரவைத்திருக்கலாம்.

விரல் சூப்புவதோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். நிலைப்பல் முளைத்தபின்னும் கட்டைவிரலை விடாத பிள்ளைக்கு முன்பற்கள் வெளியே தள்ளிக்கொண்டு வருவதும், மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேராமல் நடுவில் இடைவெளி விழுவதும் எல்லாப் பல் டாக்டரும் பார்த்த விஷயம். காரணம், விரல் மணிக்கணக்கில் வாயில் இருக்கிறது. பல் நகர்வதற்கு விசை எவ்வளவு பெரியது என்பதைவிட எவ்வளவு நேரம் விடாமல் அழுத்துகிறது என்பதுதான் முக்கியம் என்கின்றன பல்சீரமைப்புப் பாடநூல்கள். நாளுக்குச் சுமார் 6 மணி நேரமாவது மெல்லிய அழுத்தம் தொடர்ந்து இருந்தால் பல் இடம் மாறும் என்பது அவர்கள் சொல்லும் தோராயமான கணக்கு. நகம் கடிப்பவர் பத்து விநாடி கடிப்பார், விடுவார், மறுபடி வேறு விரலுக்குப் போவார். விசை பலமாக இருக்கும், நேரம் குறைவு. அதனால் நகம் கடித்தே வரிசை முழுவதும் கோணிப்போனது என்று சொல்ல வலுவான ஆதாரம் இல்லை. எங்கள் வீட்டுத் தெத்துப்பல்லுக்கு அவளுடைய நகம் பொறுப்பில்லை. என் அப்பாவுடைய தாடைதான் பொறுப்பு. அவருக்கும் அதே பக்கம், அதே பல்.

அப்படியென்றால் டாக்டருக்கு நகத்தைப் பற்றி எதற்கு விசாரணை? கம்பி போடுவதற்கு முன்னால் பல் எப்படிக் கோணியது என்பதற்காக மட்டும் அல்ல. கம்பி போட்டபின் என்ன ஆகும் என்பதற்காக.

பல்லின் வேரில் நடப்பது

பல் எலும்பில் ஆணி அடித்த மாதிரி இறுகி நிற்கிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். உண்மையில் பல்லின் வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவில் ஒரு மெல்லிய நார்ப்படலம் இருக்கிறது. அதன் கனம் சுமார் 0.2 மில்லிமீட்டர்தான். ஆயிரக்கணக்கான நுண்ணிய நார்கள் பல்லை அந்தக் குழிக்குள் தொட்டில் கட்டினாற்போலத் தாங்கிப் பிடித்திருக்கின்றன. கல் கடிபட்டால் 'ஐயோ' என்று உடனே தெரிகிறதே, அந்த உணர்ச்சிக்கும் அந்தப் படலத்தில் உள்ள நரம்புகள் காரணம்.

கம்பி செய்வது இதுதான்: ஒரு பக்கமாக மெல்ல அழுத்துகிறது. அழுத்தப்படும் பக்கத்தில் எலும்பைத் தின்னும் செல்கள் வந்து எலும்பைக் கரைக்கின்றன. நார் இழுபடும் எதிர்ப்பக்கத்தில் எலும்பைக் கட்டும் செல்கள் புது எலும்பை வைக்கின்றன. குழியே நகர, பல்லும் கூடவே நகர்கிறது. மாதத்துக்குச் சுமார் 1 மில்லிமீட்டர். கம்பி சிகிச்சை ஒன்றரை, இரண்டு வருடம் இழுப்பதற்குக் காரணம் இந்த ஆமை வேகம்தான். ஒரு பல்லைச் சாய்த்து நகர்த்தத் தேவையான விசை 35 முதல் 60 கிராம் வரை என்பார்கள். ஒரு கோழிமுட்டையின் எடை. அவ்வளவுதான்! வேகமாக முடிக்க வேண்டும் என்று இறுக்கி முறுக்கினால் பல் வேகமாக நகராது, வலியும் கேடும்தான் மிச்சம்.

எலும்பைக் கரைக்க வந்த செல்கள் சில சமயம் பல்லின் வேர் நுனியையும் கொஞ்சம் கரைத்துவிடும். வேர் கரைதல் என்று இதைச் சொல்லலாம். வேரின் மேல் எலும்பைவிட எளிதில் கரையாத ஒரு பூச்சு இருப்பதால் சாதாரணமாகத் தப்பித்துவிடும். கம்பி போட்டவர்களில் பெரும்பாலோருக்கு மிக லேசாக, பல்லின் பலத்துக்கு எந்தப் பாதிப்பும் இல்லாத அளவில்தான் நடக்கிறது. வேரின் மூன்றில் ஒரு பங்கு போகிற அளவுக்கு மோசமாவது நூற்றில் ஒரு சிலருக்கே. பெரும்பாலும் மேல் முன்பற்களில். ஆனால் குறைந்த வேர் திரும்ப வளராது. கம்பியின் விசை நின்றால் கரைவதும் பெரும்பாலும் நின்றுவிடும் என்பது ஆறுதல்.

இப்போது அந்தப் பல்லை நினைத்துப் பாருங்கள். சுற்றிலும் எலும்பு கரைந்து கட்டப்பட்டு, கொஞ்சம் ஆட்டம் கண்டு, முட்டை எடையில் ஒரே திசையில் நகர்ந்துகொண்டிருக்கிறது. அதன் மேல் ஒரு நாளைக்கு நாற்பது தடவை, கிலோ கணக்கில் விசை, முன்னும் பின்னுமாக. நகத்தைக் கடிக்கக் கீழ்த்தாடையை முன்னே கொண்டுவந்து, மேல்பல் விளிம்பும் கீழ்ப்பல் விளிம்பும் நேருக்கு நேர் மோதும்படி வைத்துத்தான் கடிக்க முடியும். கண்ணாடி முன் நின்று செய்து பாருங்கள், தெரியும். டாக்டர் ஒரு பக்கம் தள்ள, நகம் இன்னொரு பக்கம் ஆட்டுகிறது.

இந்தச் சந்தேகத்தை எண்ணிப் பார்த்தவர்கள் ஓடன்ரிக், பிராட்ஸ்ட்ரோம் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள். 1983-லும் 1985-லும் வந்த அவர்களுடைய கட்டுரைகளில், கம்பி சிகிச்சைக்கு வந்த இளையவர்களில் நகம் கடிப்பவர்களையும் கடிக்காதவர்களையும் எக்ஸ்-ரே வைத்து ஒப்பிட்டார்கள். கடிப்பவர்களுக்கு வேர் கரைதல் கூடுதலாக இருந்தது. கம்பி போடுவதற்கு முன்பே கொஞ்சம் கூடுதல், போட்டபின்னும் கூடுதல். அதற்கப்புறம் வந்த ஆய்வுகள் எல்லாம் இதே குரலில் பேசவில்லை என்பதையும் சொல்லவேண்டும். பரம்பரை, வேரின் வடிவம், சிகிச்சை எத்தனை நாள் நீண்டது, பல்லை எவ்வளவு தூரம் நகர்த்தினார்கள் என்று இதில் பல கைகள் உண்டு. ஆகவே நகம் கடித்தால் வேர் கரைந்தே தீரும் என்று பிள்ளையைப் பயமுறுத்துவது தப்பு. ஆபத்து கூடலாம் என்பதுதான் சரியான வாக்கியம். என் வகுப்பில் 'கூடலாம்' என்பதற்கும் 'கூடும்' என்பதற்கும் வித்தியாசம் தெரியாமல் எழுதினால் ஒரு மார்க் குறைப்பேன்.

'ஆமாம்' என்ற பதில் டாக்டருக்கு எதற்குப் பயன்படும் என்று அடுத்த தடவை கேட்டேன். ஆரம்பத்தில் எடுக்கும் முழுவாய் எக்ஸ்-ரேயில், அதாவது ஓபிஜியில், முன்பல் வேர்களை உன்னிப்பாகப் பார்ப்பார்களாம். விசையை இன்னும் மெல்லியதாக வைப்பார்கள். ஆறு மாதமோ கொஞ்சம் அதிகமோ போனதும் முன்பற்களை மட்டும் சின்ன எக்ஸ்-ரே எடுத்து, வேர் குறைந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். குறைந்திருந்தால் கம்பியை இறுக்காமல் சில மாதம் ஓய்வு கொடுப்பார்கள். கேள்விக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது. பிள்ளை 'இல்லை' என்று சொல்லிவிட்டால் இதில் பாதி நடக்காமல் போகலாம்.

மற்ற தொல்லைகள்

வேர் கண்ணுக்குத் தெரியாது. தெரிகிற தொல்லைகள் வேறு. பல்லில் ஒட்டும் பிராக்கெட் நகம் கடித்துக் கடித்துப் பெயர்ந்து வரும், கம்பி வளையும். டாக்டரின் தடைப் பட்டியலில் முறுக்கு, சீடை, கடலை மிட்டாய், கரும்பு எல்லாம் இருந்தன. இங்கே மும்பையில் லோனாவாலா சிக்கியையும் சேர்த்துச் சொன்னார். நகம் அந்தப் பட்டியலில் எழுதப்படாத உருப்படி. ஒவ்வொரு தடவை பிராக்கெட் பெயரும்போதும் இன்னொரு நடை, இன்னொரு ஆட்டோ, சிகிச்சை இன்னும் கொஞ்சம் நீளும்.

முன்பல் விளிம்பில் சின்னச் சின்னப் பொத்தல் மாதிரி தேய்ந்திருப்பது, கடித்த நகத்துண்டு ஈறுக்குள் செருகிக்கொண்டு வீங்குவது, தாடை மூட்டில் வலி என்று இன்னும் சில. விரல் பக்கம் வந்தால் நகச்சுற்று. அதற்கு எங்கள் பாட்டி எலுமிச்சம்பழத்தில் ஓட்டை போட்டு விரலைச் செருகிவிடுவாள். விண்விண் என்று தெறிக்கிற விரலோடு எலுமிச்சம்பழத்தைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போன ஞாபகம் எனக்கு உண்டு. சீழ் பிடித்தால் இப்போது டாக்டரிடம்தான் போகவேண்டும். விரலில் இருக்கும் மரு நகத்தைச் சுற்றிப் பரவுவதற்கும், கீரிப்பூச்சியின் முட்டை நகத்தடியிலிருந்து வயிற்றுக்குப் போவதற்கும் கடிப்பது நல்ல வழி. ஹார்பர் லைன் ரயிலில் குர்லா வரைக்கும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வந்த கை அது என்பதை நினைத்தால் எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது.

நியாயத்துக்கு இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நியூசிலாந்தின் டுனிடின் நகரில் 1972, 73-ல் பிறந்த சுமார் ஆயிரம் குழந்தைகளைப் பல பத்தாண்டுகளாகத் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். 2016-ல் வந்த அவர்களுடைய கட்டுரை ஒன்றின்படி, விரலும் சூப்பாமல் நகமும் கடிக்காமல் வளர்ந்த பிள்ளைகளில் 49 சதவீதம் பேருக்கு 13 வயதில் தோல் பரிசோதனையில் ஒவ்வாமை காட்டியது. இரண்டு பழக்கமும் இருந்தவர்களில் 31 சதவீதம்தான். அழுக்கு உள்ளே போனதில் உடம்பு எதையோ பழகிக்கொண்டிருக்கலாம் என்று ஊகிக்கிறார்கள். ஆஸ்துமாவிலோ, தூசித் தும்மலிலோ வித்தியாசம் இல்லை. அதற்காக யாரும் கடிக்கச் சொல்லிப் பரிந்துரைக்கவில்லை. இதைத் தம்பி மகளிடம் சொன்னது என் தப்பு. ஒரு வாரம் இதையே வைத்துக்கொண்டு வாதாடினாள்.

ஏன் கடிக்கிறார்கள்

பயத்தால் கடிக்கிறாள், டென்ஷன் என்று சொல்லிவிடுவது வழக்கம். பத்தாவது பரீட்சை நெருங்கும் மார்ச் மாதத்தில் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் டிவி பார்க்கும்போது, பஸ்ஸில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது, கடினமான கணக்கு ஒன்றில் மூழ்கியிருக்கும்போதும் கை தானாக வாய்க்குப் போகிறது. சலிப்பும் கவனமும் பயத்துக்கு இணையான காரணங்கள். நானே விடைத்தாள் திருத்தும்போது 30 வயது வரைக்கும் கடித்தவள்தான். மாணவர்கள் எழுதியதைப் படித்து எனக்கு வந்தது பயம் இல்லை.

பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது வெறும் பழக்கம். விரல் புண்ணாகி ரத்தம் வந்தும் நிறுத்த முடியவில்லை, வெட்கப்பட்டுக் கையை எப்போதும் மறைக்கிறார்கள் என்றால் அப்போது கதை வேறு. 2013-ல் வெளிவந்த அமெரிக்க மனநலக் கையேட்டில் முடி பிய்ப்பது, தோலைக் கிள்ளுவது ஆகியவற்றுக்குப் பக்கத்தில், உடம்பின் மேலேயே திரும்பத் திரும்பச் செய்யும் பழக்கங்களின் வரிசையில் இதையும் வைத்திருக்கிறார்கள். அந்த அளவுக்குப் போனால் ஒரு மனநல ஆலோசகரைப் பார்ப்பதில் கூச்சம் வேண்டாம்.

நிறுத்துவது

எங்கள் வீடுகளில் உள்ள வழிகள் இரண்டுதான். ஒன்று, 'நகம் கடிச்சா வீட்டுக்குத் தரித்திரம்' என்ற மிரட்டல். இன்னொன்று வேப்பெண்ணெய். மருந்துக்கடையில் விற்கும் கசப்புப் பூச்சும் வேப்பெண்ணெயின் பட்டணத்துத் தங்கைதான். 1958-ல் ஸ்காட்லாந்தில் கண்டுபிடித்த டெனடோனியம் என்ற பயங்கரக் கசப்பான உப்பை அவற்றில் பலவற்றில் சேர்க்கிறார்கள். சிலருக்கு உதவுகிறது. எங்கள் வீட்டுப் பெண் மூன்றாம் நாளே கசப்புக்குப் பழகிவிட்டாள். பாகற்காய் தின்று வளர்ந்த பரம்பரை.

ஆதாரம் அதிகமாக உள்ள வழி 1973-ல் அஸ்ரின், நன் என்ற இரண்டு உளவியலாளர்கள் எழுதியது. பழக்கத்தைத் திருப்புதல் என்று சொல்லலாம். முதலில், கை எப்போது வாய்க்குப் போகிறது என்று பிள்ளையே கவனித்துக் குறிக்கவேண்டும். பாதிப் பேருக்குக் கடிப்பதே தெரியாது, எனவே இதுவே பெரிய படி. அப்புறம், கை கிளம்பும்போது அதே கையால் செய்யவேண்டிய வேறொரு வேலை. முஷ்டியை இறுக்கி மூடி ஓரிரு நிமிடம் வைத்திருப்பது, பந்தை அமுக்குவது போல. மூன்றாவது, வீட்டில் இருப்பவர்கள் திட்டாமல் கூட நிற்பது. மூன்றாவதுதான் நம் வீடுகளில் கடினம்.

எங்களுக்கு எதிர்பாராமல் கைகொடுத்தது பூ. வெள்ளிக்கிழமைகளில் மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கத்துப் பூக்கடைகளில் உதிரி மல்லிகை வாங்கிவந்து அம்மா கட்டுவாள். பேத்தியையும் பக்கத்தில் உட்காரவைத்தாள். பத்து விரலுக்கும் வேலை இருக்கும்போது வாய்க்கு விரல் எங்கே கிடைக்கும்? தினமும் பூக்கட்ட முடியாதுதான். ஆனால் டிவி நேரத்துக்கு ஒரு நூல்கண்டு போதும் என்று கண்டுபிடித்தாள். கையில் கழற்ற முடியாத வளையம் ஒன்றை மாட்டி, அதையே நினைவூட்டலாக வைத்து நகம் கடிப்பதை நிறுத்தும் முறையையும் ஆராய்ச்சியாளர்கள் 2011-ல் சோதித்திருக்கிறார்கள். நம் பிள்ளைகள் கையில் கோயில் கயிறு ஏற்கெனவே இருக்கிறது. வளையம் தனியாக வாங்கவேண்டாம்.

கைவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும். இரண்டு வாரம் கடிக்காமல் இருந்தாலே வெள்ளை நுனி எட்டிப் பார்க்கும். முழு நகமும் புதிதாக வர ஆறு மாதம் ஆகும். ஒரு நேரத்தில் ஒரு விரலை மட்டும் காப்பாற்றுவது என்று ஆரம்பித்தாள். மோதிர விரல் முதலில். பத்தையும் ஒரே நாளில் நிறுத்துவேன் என்று சத்தியம் செய்வதைவிட இது நடக்கிற காரியமாக இருந்தது.

கம்பி போட்ட முதல் வாரம் பல் கூச்சத்தில் அவளால் தோசையையே கடிக்க முடியவில்லை, நகத்தை எங்கே கடிக்க? தானாக நின்றுவிட்டது என்று வீட்டில் எல்லாரும் சந்தோஷப்பட்டோம். வலி போனதும் சுண்டுவிரல் மறுபடி வாய்க்குப் போயிற்று. கம்பியைக் கழற்றியபின் இன்னும் கவனம் வேண்டும் என்கிறார் டாக்டர். பல் பழைய இடத்துக்கு ஓடிவிடாமல் இருக்கக் கீழ் முன்பற்களுக்குப் பின்னால் மெல்லிய கம்பி ஒன்றை ஒட்டுவார்கள், ரிடெய்னர் என்பார்கள். வருடக்கணக்கில் இருக்கவேண்டியது. நகம் கடிக்கும் அதே பற்களுக்குப் பின்னால்தான் அது உட்கார்ந்திருக்கும். ஒட்டு விட்டுப்போனால் உடனே தெரியாது. பல் நகர்ந்தபின்தான் தெரியும்.

இரண்டாம் தடவை போனபோது டாக்டர் அதே படிவத்தை எடுத்தார். காலியாக விட்ட கட்டம் அப்படியே இருந்தது. இந்த முறை அவளே பேனாவை வாங்கிக்கொண்டாள். 'ஆமாம்' என்பதில் டிக் போட்டு, பக்கத்தில் பொடி எழுத்தில் 'வலது கை, நாலு விரல், மோதிர விரல் இப்ப இல்லை' என்று எழுதிக் கொடுத்தாள். டாக்டர் படித்துவிட்டு முன்பல் எக்ஸ்-ரேக்கு ஒரு சீட்டு எழுதினார்.